ஊர்நிலமும் நகரசபையின் பொறுப்பும்

(ஆதனவரி செலுத்துவோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலகத்தின் எந்த நகரசபையை எடுத்துக்கொண்டாலும், கூச்சலும் குழப்பமும் மிகுந்த விவாதங்கள் பெரும்பாலும் பதவிகளைப் பற்றியும் பெயர்ப்பலகைகளைப் பற்றியும் நிகழ்வனவாகவே இருக்கின்றன. அவை யாவும் ஓய்ந்து, அங்கத்தவர் பலர் எழுந்து போகும் வேளையிலே, நிகழ்ச்சி நிரலின் அடியிலிருந்து ஒரு வரி வாசிக்கப்படுகின்றது: இன்ன வீதியிலுள்ள இன்ன காணி குடியிருப்பு வலயத்தினின்றும் வணிக வலயத்துக்கு மாற்றப்படவேண்டுமென அதன் சொந்தக்காரர் விண்ணப்பித்திருக்கின்றார். ஒருவர் பிரேரிக்கின்றார், மற்றொருவர் ஆமோதிக்கின்றார், இரண்டு நிமிடத்தில் விடயம் முடிந்துவிடுகின்றது. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியே இன்று உங்கள் முன்னிலையிற் பேச விரும்புகின்றேன்.

முதலில் வலயம் என்பது யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு நகரத்தின் நிலப்பரப்பை வகுத்து, இப்பகுதி வீடுகளுக்கு உரியது, இப்பகுதி கடைகளுக்கு உரியது, இப்பகுதி தொழிற்சாலைகளுக்கு உரியது, இப்பகுதி திறந்த வெளியாக இருத்தல் வேண்டும் என்று விதிப்பதே வலயப்படுத்தல் எனப்படும். அவனவன் காணியில் அவனவன் விரும்பியதைச் செய்வதை அரசு தடுக்கலாமா என்ற வினா உடனே எழும். அவ்வினா அமெரிக்காவிலே, ஒகாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்கு அண்மையிலுள்ள யூக்கிளிட் என்னும் ஊரிலே எழுந்தது. 1922ஆம் ஆண்டு அவ்வூர்ச் சபை வலயச் சட்டமொன்றை இயற்றியது. அங்கே 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஒரு காணிக் கொம்பனி, அந்நிலம் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படின் ஏக்கருக்குப் பதினாயிரம் டொலர் பெறும் என்றும், குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டமையால் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலருக்குமேற் பெறாது என்றும் முறையிட்டு வழக்காடியது. 1926ஆம் ஆண்டு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, ஊர்ச் சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஊரின் சுகத்தையும் பாதுகாப்பையும் முன்னிட்டு நிலத்தின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சபைக்கு உண்டு என்பது அத்தீர்ப்பினால் நிலைபெற்றது.

அன்பர்களே, அவ்வழக்கிலே சொல்லப்பட்ட அந்த இரு தொகைகளையும் ஒருகணம் சிந்தித்துப் பாருங்கள். பதினாயிரம் எங்கே, இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே? மண் அதே மண். எல்லை அதே எல்லை. சபையின் ஏட்டிலே எழுதப்பட்ட ஒரு சொல் மாறியதும் பெறுமதி நான்கில் ஒன்றாகக் குறைந்தது என்பதே அக்கொம்பனியின் முறைப்பாடு. அப்படியாயின், அச்சொல் மறுவழியாக மாறும்பொழுது பெறுமதி நான்கு மடங்கு உயரும் அன்றோ? அந்த உயர்வுக்காகக் காணிக்காரர் ஒரு மண்வெட்டி மண்ணையேனும் வெட்டினாரா? இல்லை. வீதி ஊராருடைய வரியால் அமைந்தது. வடிகால் ஊராருடைய வரியால் அமைந்தது. கடைக்கு வரப்போகும் வாடிக்கைக்காரரும் ஊராரே. ஆகவே, வலய மாற்றம் என்பது ஊரார் யாவரும் சேர்ந்து உண்டாக்கிய பெறுமதியிலிருந்து ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கும் கொடையாகும். அதனைக் கொடுக்கும் கை சபையின் கை. கொடுக்கப்படும் பொருளோ சபை அங்கத்தவருடைய தனிச்சொத்தன்று. இவ்வுண்மையை மறந்த சபைகள் எந்நிலையை அடைந்தன என்பதற்குப் பாரத நாட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறுகின்றேன்.

உத்தரப் பிரதேசத்தின் தலைநகராகிய லக்னோவிலே அமீனாபாத் என்பது பழைய கடைவீதி. சன நெருக்கம் மிகுந்த இடம். அதன் நடுவே ஜண்டேவாலா பூங்கா என்று வழங்கும் ஒரு பூங்கா உண்டு. பாரத விடுதலைப் போராட்ட நினைவுகளோடு தொடர்புடையது அவ்விடம். 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லக்னோ மாநகரசபை ஒரு தனியார் கட்டட நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பூங்காவின் அடியிலே நிலக்கீழ்க் கடைத்தொகுதியொன்றை அந்நிறுவனம் தன் செலவிற் கட்டும்; கடைகளை அதுவே பிறருக்கு ஒப்படைத்துப் பணம் பெறும். கட்டடம் சபையின் சொத்தாகவே இருக்கும், பூங்கா மேலே அப்படியே இருக்கும், நெரிசலும் குறையும் என்றெல்லாம் சபையின் தரப்பிலே சொல்லப்பட்டது. கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கின்றது, பார்த்தீர்களா! சபைக்குச் செலவில்லை, ஊருக்குக் கடைகள், மேலே புல்வெளி. வேண்டாமென்று சொல்பவன் விவேகமற்றவன் என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

ஆயினும் ஊரார் சிலர் நீதிமன்றத்தை நாடினர். 1994ஆம் ஆண்டு அலகாபாத் மேல் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, உடன்படிக்கை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நிறுவனம் பாரத உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தது. அங்கு கிடைத்த இடைக்கால உத்தரவைப் பற்றிக்கொண்டு கட்டடத்தையும் எழுப்பியது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் தனது இறுதித் தீர்ப்பை வழங்கியது. கட்டப்பட்ட கடைத்தொகுதியின் பெரும்பகுதி இடிக்கப்படவேண்டும். பூங்கா முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரப்படவேண்டும். பெருந்தொகைப் பணம் செலவாகிவிட்டதே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை. சட்டத்துக்கு மாறாகக் கட்டியவன் தன் செலவைக் காட்டி இரக்கம் கோரமுடியாது என்பதே அதன் முடிபு.

அத்தீர்ப்பிலே நம்மவர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்திகள் மூன்று உள.

முதலாவது, கேள்விப்பத்திரம் கோரப்படாமலே அந்த உடன்படிக்கை செய்யப்பட்டமை. வேறு எவரேனும் இதனினும் நல்ல நிபந்தனைகளைத் தருவாரா என்று விசாரிக்காமலே ஊரின் சொத்து ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. நிபந்தனைகள் நிறுவனத்துக்கே சாதகமாக அமைந்திருந்தன என்பதை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

இரண்டாவது, பூங்காக்களைப் பேணுதல் சபைக்குச் சட்டம் விதித்த கடமை என்பது. கடமையாக விதிக்கப்பட்டதைச் சபை தன் தீர்மானத்தால் கைவிட முடியாது. மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் பொருளைத் தரும கர்த்தா விற்க முடியாதவாறு போலவே இதுவும். கோயிற் காணிக்குத் தரும கர்த்தா எவ்வாறோ, ஊர்நிலத்துக்குச் சபை அவ்வாறு. கோயிற் காணியைத் தம் நண்பருக்குக் குத்தகைக்கு விட்ட தரும கர்த்தாவை நம்மூரார் எவ்வாறு நோக்குவர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது, மேலே பூங்கா இருக்கும் என்ற வாக்குறுதியைப் பற்றியது. கட்டடத்தின் கூரையிலே மண்ணைப் பரப்பிப் புல் வளர்க்கலாம். ஆனால், வேர் ஆழ இறங்குவதற்கு இடமில்லாத நிலத்தில் பெருமரம் வளருமா? இவ்வெளிய உண்மையை நீதிமன்றமே எடுத்துக்காட்டவேண்டியதாயிற்று. பூங்கா என்ற பெயர் எஞ்சும், பூங்கா எஞ்சாது.

கடைத்தொகுதி என்பது இலாபத்துக்கானது, ஆதலால் அவ்வாறு தீர்ப்பாயிற்று, நற்காரியத்துக்காயின் வேறு வகையாகுமன்றோ என்று சிலர் வினவலாம். அதற்கும் விடை உண்டு. பெங்களூர் நகரிலே, வீடமைப்புத் திட்டமொன்றிற் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், தனியார் மருத்துவமனை அமைப்பதற்காக ஓர் அறநிலையத்துக்கு வழங்கப்பட்டது. அயலவர் வழக்குத் தொடர்ந்தனர். 1991ஆம் ஆண்டு பாரத உச்ச நீதிமன்றம் அயலவர் பக்கமே நின்றது. மருத்துவமனை வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. பூங்காவென்று வரைபடத்திற் காட்டி, அதனை நம்பி மக்கள் வீடு கட்டிய பின்னர், மேலிடத்து விருப்பின் பேரில் அதனை வேறொன்றாக மாற்றுதல் முறையன்று என்பதே தீர்ப்பின் சாரம். வலய வரைபடம் என்பது ஊராருக்குச் சபை கொடுத்த வாக்கு. அவ்வாக்கை நம்பியே ஒருவர் தம் ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகின்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலே காலிமுகத்திடலை அறியாதார் இல்லை. ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டு தொடங்கி 1859ஆம் ஆண்டு நிறைவேறிய உலாப்பாதை அங்கே உண்டு. கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக அதனைப் பின்வரும் தேசாதிபதிகள் பேணவேண்டுமென்ற வேண்டுகோள் அங்குள்ள கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அந்நிய தேசாதிபதிக்கு இருந்த அக்கறை நம்மவர் ஆட்சியிலே இல்லாமற் போயிற்று! களியாட்ட மையமொன்றை அமைப்பதற்காக அத்திடலைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க நகர அபிவிருத்தி அதிகாரசபை முற்பட்டது. உடன்படிக்கையின் விபரங்களைக் கேட்ட சுற்றாடல் அமைப்பொன்றுக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நீதிமன்றம் அம்முயற்சியைத் தடுத்ததோடு, பொது நிலத்துக்கு என்ன நிகழப்போகின்றது என்பதை அறியும் உரிமை கருத்து வெளியிடும் உரிமையினுள் அடங்கியது என்றும் கூறிற்று. அதன் பின்னர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தொடக்கம் அது நடைமுறையில் இருக்கின்றது. நகரசபையும் பிரதேச சபையும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. எந்தக் காணிக்கு, எவர் கேட்டு, எந்த நிபந்தனையின் பேரில், எந்த அனுமதி வழங்கப்பட்டது என்று கேட்பதற்குச் சாதாரண குடிமகனொருவனுக்கு ஒரு விண்ணப்பம் போதும். அந்த ஆயுதத்தை உறையிலே வைத்துக்கொண்டு, அநீதி நடக்கின்றது என்று திண்ணையிலிருந்து புலம்புவதால் யாது பயன்?

பெரியோர்களே, நம் குடாநாட்டுக்கென்று தனியான ஒரு காரணமும் இருக்கின்றது. நம் நிலம் சுண்ணக்கல் நிலம். ஆறில்லாத மண்ணிலே கிணறுகளே நமக்கு ஆறுகள். ஒரு வளவின் கிணற்று நீருக்கும் அடுத்த வளவின் மலசலகூடக் குழிக்கும் இடையே நிற்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த பாறையே. ஐந்து பேர் வாழ்ந்த வீட்டை இடித்து, ஐம்பது அறை கொண்ட விடுதியையோ நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபத்தையோ எழுப்பினால், அதன் கழிவு எங்கே போகும்? வேலி மேலேதான் நிற்கின்றது. கீழே நீருக்கு வேலி இல்லை. சுன்னாகத்திலே நிகழ்ந்ததை மறந்துவிட்டோமா? மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் அயலிலுள்ள கிணறுகளிற் கலந்ததென்ற வழக்கிலே, 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தனியார் மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நட்டஈடு வந்தது நியாயமே. ஆனால், கிணற்றிலே எண்ணெய் கலந்த பின்னர் வரும் நட்டஈட்டினும், கலக்குமுன் சபையிலே எழுப்பப்படும் ஒரு கேள்வி பெறுமதி வாய்ந்தது.

இவ்வளவும் சொன்னமையால், நான் வணிகத்துக்கு விரோதி என்று எவரும் எண்ணிவிடலாகாது. கடையில்லாத ஊர் ஊராகாது. போரினாற் சிதைந்த நம் நகரங்களுக்கு முதலீடு வேண்டும்; இளைஞருக்குத் தொழில் வேண்டும்; சபைக்கு வருமானம் வேண்டும். ஒழுங்கை முனையிலே தேநீர்க்கடை வைத்துப் பிழைக்கும் ஏழையையும், வீட்டு விறாந்தையிலே தையற் பொறி போட்டிருக்கும் விதவைத் தாயையும் வலயச் சட்டத்தைக் காட்டி விரட்டும் சபை நீதியான சபையன்று. வலயச் சட்டம் வலியோர் கையில் எளியோரை ஒதுக்கும் கருவியாகவும் மாறியதுண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரசபை, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருக்களிற் கறுப்பின மக்கள் குடியேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1917ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆகவே, அனுமதி கொடுத்தாற் காரணம் வேண்டும் என்பதுபோல, மறுத்தாலும் காரணம் வேண்டும். செல்வாக்குள்ளவருக்கு ஒரு வாரத்தில் அனுமதி, செல்வாக்கில்லாதவருக்கு மூன்று வருட அலைச்சல் என்ற நிலை எங்கே இருக்கின்றதோ, அங்கே சட்டப் புத்தகம் இருந்தும் சட்டம் இல்லை.

சபைக்கு வருமானம் வரும் என்ற வாதத்தையும் சற்று எடைபோட வேண்டும். ஆதனவரி உயரும், உரிமக் கட்டணம் வரும், உண்மைதான். ஆனால், அவ்வீதியை அகலமாக்குபவர் யார்? பெருகும் குப்பையை அள்ளுபவர் யார்? மாரி காலத்திலே வெள்ளம் வடியும் வழி அடைபட்டால், அதனைத் திறப்பதற்கு எவருடைய பணம்? வரவைக் கூட்டி எழுதுபவர் செலவையும் கூட்டி எழுதவேண்டும். ஒரு பக்கக் கணக்கைக் காட்டிக் கடன் கேட்பவனுக்கு ஊரிலே எவரும் கடன் கொடார். அவ்வாறான கணக்கைக் காட்டி அனுமதி கேட்பவருக்கு மாத்திரம் சபை ஏன் இரங்கவேண்டும்?

நம் நாட்டுச் சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1946ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும் பழையவை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தபின், அதன்கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களிலே அபிவிருத்தித் திட்டத்தை வகுக்கும் அதிகாரம் அந்த மத்திய நிறுவனத்திடமே இருக்கின்றது. உள்ளூர்ச் சபைகள் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின் பேரிலேயே அனுமதிகளை வழங்குகின்றன. நம் நிலத்தின் தலைவிதியை எழுதும் எழுதுகோல் கொழும்பிலே இருக்கின்றது. அதன் நுனி மாத்திரம் நம் சபையின் கையில் இருக்கின்றது. இது மாறவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதிகாரம் முழுவதும் வரும்வரை காத்திருப்போம் என்று கூறி, இருக்கும் சிறிதளவையும் கண்ணை மூடிக்கொண்டு செலுத்துவது எவ்வகையில் நியாயமாகும்? சிறிய அதிகாரத்தை நேர்மையாகச் செலுத்திக் காட்டும் சபையே பெரிய அதிகாரத்தைத் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போய்ப் போய் 2025ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் நடைபெற்றது. இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாமலே ஊர்க் காரியங்கள் நடந்தன. பிரதிநிதி இல்லாத காலத்தின் அருமையை அறிந்த நாம், பிரதிநிதி வந்தபின் அவரை வெறும் கையொப்பக்காரராக விட்டுவிடலாமா?

ஆகவே, சபையிடம் நாம் கேட்பன மிகவும் எளியவை. ஒரு காணியின் பயன்பாட்டை மாற்றுமாறு விண்ணப்பம் வந்தால், அக்காணியின் முகப்பிலே, வழிப்போக்கனும் வாசிக்கக்கூடியதாக, தமிழிலே அறிவித்தற் பலகை நாட்டப்படட்டும். அயலவருக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவர்தம் ஆட்சேபங்களைச் சபை நேரிற் கேட்கட்டும். விண்ணப்பகாரருடன் உறவோ தொழிற் தொடர்போ உள்ள அங்கத்தவர் அதனை வெளிப்படையாகச் சொல்லி, வாக்களியாது ஒதுங்கி நிற்கட்டும். கழிவுநீர், வாகனத் தரிப்பு, வெள்ள வடிகால் ஆகிய மூன்றுக்கும் விடை எழுத்திலே பெறப்படட்டும். முடிவு எதுவாயினும், அதற்குரிய காரணம் கூட்ட அறிக்கையிலே பதிவாகட்டும். காரணம் எழுதவேண்டும் என்ற ஒரு கட்டாயமே பல தவறான முடிவுகளைப் பிறக்குமுன் தடுத்துவிடும். ஏனெனில், எழுத வெட்கப்படும் காரணத்துக்காகக் கையுயர்த்த மனிதர் அஞ்சுவர்.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. அயலிலே அத்திவாரம் வெட்டும்வரை வாயடைத்திருந்துவிட்டு, மூன்றாம் மாடி எழும்பிய பின்னர் மனு எழுதுவது நம் வழக்கம். லக்னோ மக்கள் கட்டடம் எழுந்த பின்னும் வென்றார்கள் என்பது உண்மை. ஆனால், உடன்படிக்கைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய ஆறு வருடம் சென்றது. எல்லா ஊருக்கும் அத்தகைய பொறுமையும் அத்தகைய நீதிமன்றமும் வாய்ப்பதில்லை. தவறான சட்டத்தை மறுநாளே நீக்கலாம். தவறான வரியை அடுத்த வருடம் குறைக்கலாம். கொங்கிறீற்றால் மூடப்பட்ட குளத்தையும், வெட்டப்பட்ட மருதமரத்தையும், கெட்டுப்போன கிணற்றையும் எந்தத் தீர்மானத்தாலும் மீட்க முடியாது. நிலத்தைப் பற்றிய முடிவுகளுக்கு மற்றெல்லா முடிவுகளிலும் கூடிய நிதானம் வேண்டுமென்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எப்பொழுது வெளியாகும் என்று நாளையே சபை அலுவலகத்தில் விசாரியுங்கள். பொதுமக்கள் அமரும் இடத்திலே போய் அமருங்கள். அடியிலே கிடக்கும் அந்த ஒரு வரி வாசிக்கப்படும் வேளையில் ஊரார் இருபது பேர் அங்கே விழித்திருந்தால், அந்த இரண்டு நிமிடம் ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்தைச் சபைக்குக் கொடுப்பது, அடுத்த தலைமுறைக்கு நாம் செலுத்தவேண்டிய வரி.